ஞானப்பாட்டும் நாட்டு மெட்டும்

1819ஆம் ஆண்டில் றெஜினல்ட் ஹீபர் என்னும் ஆங்கிலக் குருவானவர், தூர தேசங்களில் வேதம் பரப்புவதற்குப் பணந் திரட்டும் ஆராதனையொன்றுக்காக ஒரு ஞானப்பாட்டு இயற்றினார். கிறீன்லாந்தின் பனிமலைகளில் தொடங்கும் அப்பாட்டு, இந்தியக் கரையையும் ஆபிரிக்காவின் நீரூற்றுகளையும் தொட்டுவிட்டு இலங்கைக்கு வந்து சேர்கிறது. இத்தீவின் வாசனைக் காற்றையும் கண்ணுக்கினிய காட்சிகளையும் மெச்சிய புலவர், இங்கு வாழும் மனிதன் மட்டுமே இழிந்தவன் என்று தீர்ப்புக் கூறிவிடுகிறார். தீர்ப்புக் கூறிய நாளில் அவர் இலங்கையைக் கண்டவரல்லர். பின்னர் கல்கத்தாவின் பேராயராகி, 1825இல் இங்கு வந்து சென்று, மறு ஆண்டு திருச்சிராப்பள்ளியில் அவர் காலமானார்.

அப்பாட்டைப் பூமியெங்கும் கொண்டுசென்றது ஓர் அமெரிக்க மெட்டு. 1820களின் தொடக்கத்தில் ஜோர்ஜியா மாநிலத்துச் சவன்னா நகரில் வங்கி உத்தியோகம் பார்த்துக்கொண்டிருந்த லோவல் மேசன் என்பவர் அதற்கு இசையமைத்தார். அதன்பின் மிஷன் கூட்டங்களில் அது பரவலாகப் பாடப்பட்டது. ஆங்கிலேயர் ஒருவரின் சொல், அமெரிக்கர் ஒருவரின் இசை, பழிக்கப்பட்டவர் இலங்கையர் என்ற இம்மூன்றும் ஒரே பாட்டில் சந்திக்கின்றன.

பாட்டின் கருத்தைக் கண்டிப்பது எளிது, பலர் கண்டித்துமிருக்கின்றனர். அதன் மெட்டைப் பற்றி நம்மிடையே அதிகம் பேசப்படவில்லை. அம்மெட்டுக்குப் பின்னால் நீண்டதொரு போராட்டம் இருக்கிறது. பாட்டை ஆக்கும் உரிமை யாருக்குரியது, கற்றவருக்கா, பாடுகின்ற மக்களுக்கா என்பதே அப்போராட்டம். அமெரிக்காவின் நியூ இங்கிலாந்துக் கிராமங்களில் எழுந்த அந்த வினா யாழ்ப்பாணத்திலும் மதுரையிலும் வேறொரு வடிவில் எழுந்தது. நமது பாடசாலைகளில் அது இன்னும் விடை காணாமலேயே கிடக்கிறது. கோவிற் பாட்டைப் பற்றி முற்போக்கு ஏடு ஏன் பேசவேண்டும் என ஐயுறும் அன்பர்கள் இதனை மனங்கொள்ள வேண்டும். சமயம் துன்புற்றவனின் பெருமூச்சாகவும் துன்பத்துக்கெதிரான முறைப்பாடாகவும் இருக்கிறது என்பதை மார்க்ஸ் மறைக்கவில்லை. பெருமூச்சுக்கும் ஒரு மெட்டு உண்டு. அம்மெட்டை யார் ஆக்கினார் என்பது சமூக வரலாறு பற்றிய கேள்வியாகும்.

2

ஞானப்பாட்டு என நாம் இன்று கூறும் ஆங்கில வடிவத்தை நிலைநிறுத்தியவர் ஐசக் வாட்ஸ் (1674–1748). அரச திருச்சபைக்குக் கட்டுப்படாத குடும்பத்திற் பிறந்தவர் அவர். அவருடைய தந்தை அக்காரணத்துக்காகச் சிறை சென்றவர். ஒக்ஸ்போட், கேம்பிறிட்ஜ் பல்கலைக்கழகங்களின் கதவுகள் அத்தகைய குடும்பத்தினருக்கு மூடப்பட்டிருந்தன. அக்காலத்தில் சபையார் பாடியவை பெரும்பாலும் விவிலியச் சங்கீதங்களின் செய்யுள் வடிவங்களே. வாட்ஸ் 1707இலும் 1719இலும் வெளியிட்ட நூல்களில், சாதாரண மனிதனின் அச்சத்தையும் நம்பிக்கையையும் தம் காலத்து மொழியில் வைத்துப் பாடினார். அவர் கையாண்ட யாப்பு மிக எளியது. எட்டசை, ஆறசை, எட்டசை, ஆறசை என மாறிவரும் நாலடிப் பாட்டே அவற்றுட் பெரும்பான்மை. ஒரே அளவினதாகையால், ஒரு பாட்டின் சொற்களை இன்னொரு பாட்டின் மெட்டிற் பாடலாம். சொல்லும் மெட்டும் தனித்தனியே பயணஞ் செய்யக்கூடிய இவ்வியல்பே பின்னர் நிகழ்ந்தவற்றுக்கெல்லாம் அடிப்படையாயிற்று.

அத்திலாந்திக் சமுத்திரத்துக்கு அப்பால், ஆங்கிலக் குடியேற்ற நாடுகளில் அச்சான முதல் நூலே 1640இல் மசச்சூசெட்ஸில் வெளிவந்த சங்கீதச் செய்யுள் நூல்தான். ஆனால் புத்தகங்கள் அரிதாயிருந்தன. வாசிக்கத் தெரிந்தோரும் எல்லோருமல்லர். எனவே மூப்பர் ஒருவர் ஓரடியை எடுத்துக்கொடுக்க, சபையார் அதைத் திரும்பப் பாடும் வழக்கம் நிலவியது. மெதுவாக, ஒவ்வொருவரும் தத்தமக்கேற்ற வளைவு நெளிவுகளோடு பாடினர். 1720களில் கற்ற குருமார் சிலர் இதனை ஒழுங்கற்ற ஓசையென்று பழித்து, சுரம் பார்த்துப் பாடும் முறையைப் புகுத்த முயன்றனர். கிராமத்தவரோ தம் பழைய வழியே பக்திக்குரியதென்று எதிர்த்து நின்றனர்.

இப்பிணக்கிலிருந்து எதிர்பாராத ஒரு நன்மை விளைந்தது. சுரம் பார்த்துப் பாடக் கற்பிக்கும் பாட்டுப் பள்ளிகள் ஊரூராகத் தோன்றின. அலைந்து திரியும் பாட்டு வாத்தியார் ஒரு கிராமத்துக்கு வருவார். மாலைவேளைகளில் இளைஞரும் யுவதியரும் கூடுவர். சில வாரங்களில் நான்கு குரல்களிற் பாடத் தேறிவிடுவர். மேலிருந்து கட்டளையாக வந்த எழுத்தறிவைக் கீழிருந்தவர்கள் கைப்பற்றித் தமக்கு வேண்டியவாறு பயன்படுத்தினர். அந்தப் பள்ளிகளிலிருந்தே அமெரிக்காவின் முதற் சொந்த இசை பிறந்தது.

3

அவ்விசையின் முதன்மையாளர் வில்லியம் பிலிங்ஸ் (1746–1800). பொஸ்டன் நகரத்தவர், தோல் பதனிடும் தொழிலாளி. ஒரு கண்ணும் ஒரு காலும் குறையுடையவர் எனச் சமகாலத்தவர் எழுதிவைத்துள்ளனர். 1770இல் அவர் வெளியிட்ட ‘நியூ இங்கிலாந்துச் சங்கீதப் பாடகர்’ என்னும் நூலில் 120க்கு மேற்பட்ட பாட்டிசைகள் உள்ளன. அனைத்தும் அவரே ஆக்கியவை. அமெரிக்கர் ஒருவரின் ஆக்கங்களை மட்டுமே கொண்டு வெளிவந்த முதலாவது இசைநூல் இதுவே. அதன் முகப்புச் சித்திரத்தைச் செதுக்கியவர் பின்னாளில் விடுதலைப் போரிற் புகழ்பெற்ற வெள்ளித் தட்டார் போல் ரிவியர். ஆங்கிலேயப் பொருள்களின் மேல் வரி விதிக்கப்பட்டு மக்கள் கொதித்தெழுந்த காலம் அது. உள்நாட்டுத் தாளிலேயே தம் நூல் அச்சாகவேண்டுமென்று பிலிங்ஸ் அதன் வெளியீட்டைத் தாமதித்தார்.

அவர் தனித்தவரல்லர். டானியல் றீட் சீப்புச் செய்பவர். திமொத்தி ஸ்வான் தொப்பி செய்பவர். லூயிஸ் எட்சன் கொல்லர். ஒலிவர் ஹோல்டன் தச்சர். ஜஸ்டின் மோர்கன் குதிரை வளர்த்தவர், பாடசாலை ஆசிரியருங்கூட. இசைக்கலை இவர்களுக்குச் சீவனோபாயமாக இருந்ததில்லை. பகலிற் கைத்தொழில், மாலையிற் பாட்டுப் பள்ளி என வாழ்ந்தவர்கள். வாட்ஸின் ஞானப்பாட்டுகளை எடுத்து, ஐரோப்பிய இசை விதிகளுக்கு அஞ்சாமல், தம் காதுக்கு நேராகப் பட்டவாறு மெட்டமைத்தார்கள். தம்மை விதிகள் கட்டுப்படுத்தமாட்டா, இயற்கையே ஆசான் என்னும் பொருள்படப் பிலிங்ஸ் தம் முகவுரையில் வெளிப்படையாகவே எழுதினார்.

அந்த இசையின் அமைப்பை நோக்கினால் அதன் சமூக இயல்பு புலனாகும். முதன்மை மெட்டு மேற்குரலில் இல்லை, இடைக்குரலில் இருந்தது. அக்குரலை ஆடவரும் பெண்டிரும் சேர்ந்தே பாடினர். மற்றக் குரல்கள் அதற்குத் துணைபோகும் வெறும் நிரப்பிகளாக இராமல், ஒவ்வொன்றும் தனித்துப் பாடத்தக்க மெட்டாக அமைந்தது. சில பாட்டுகளில் எல்லோரும் சேர்ந்து தொடங்கி, நடுவே ஒரு குரல் மட்டும் அடியெடுக்க, இரண்டாங் குரல் அதைத் தொடர, மூன்றாவதும் நான்காவதும் அடுத்தடுத்து நுழைந்து, இறுதியில் மீண்டும் ஒன்றுசேரும். வெளியே நின்று கேட்பவனுக்குச் சொற்கள் ஒன்றோடொன்று மோதிக் குழப்பமாகத் தோன்றலாம். உள்ளே நின்று பாடுகிறவனுக்கோ தன் குரல் எப்பொழுது நுழைய வேண்டும் என்ற எதிர்பார்ப்பும், நுழைந்தபின் பிறரோடு இணையும் களிப்பும் உண்டு. பாடுவோருக்காகவே ஆக்கப்பட்ட இசை அது; கேட்போர் என்றொரு தனிக் கூட்டத்தை அது கருதவில்லை.

விடுதலைப் போரில் அவ்விசை மக்களோடு நின்றது. பிலிங்ஸின் ‘செஸ்டர்’ என்னும் மெட்டு போர்க்காலத்தில் பெருவழக்குப் பெற்றது. பாபிலோன் நதியோரத்தில் சிறைப்பட்டோர் அழுத சங்கீதத்தை, படைகளாற் சூழப்பட்ட பொஸ்டனுக்கு ஏற்ப மாற்றி அவர் புலம்பலாக அமைத்தார். பழைய வேதச் சொல் அன்றைய அரசியலைப் பேசிற்று.

ஆயினும் புதிய குடியரசு அவருக்கு அளித்தது என்ன? தம் பாட்டுகளுக்கு உரிமை கேட்டு அவர் மசச்சூசெட்ஸ் சட்டசபைக்கு விண்ணப்பித்தார். சபை 1772இல் இணங்கியும் ஆங்கிலேய ஆளுநர் ஒப்பமிடவில்லை. விடுதலைக்குப் பின் பதிப்புரிமைச் சட்டம் வந்தது. ஆனால் அச்சகத்தார் அவருடைய மெட்டுகளைத் தத்தம் தொகுதிகளிற் சேர்த்து விற்றனர். அவரோ வறுமையில் இறந்தார். பொஸ்டன் பொதுத்திடலில் அடையாளக் கல்லற்ற குழியில் அவர் உடல் அடக்கப்பட்டது. மக்கள் பாடுகிறார்கள், வியாபாரி சம்பாதிக்கிறான், ஆக்கியவன் பட்டினி கிடக்கிறான் என்ற கதை நமக்குப் புதிதன்று.

4

பத்தொன்பதாம் நூற்றாண்டு பிறந்ததும் காற்று திசைமாறிற்று. துறைமுக வாணிபத்தாற் செழித்த நகரத்து மேற்குடியினர் தம் புதிய அந்தஸ்துக்கேற்ற இசையை நாடினர். தச்சனும் தோல் பதனிடுபவனும் அமைத்த மெட்டுகள் அவர்களுக்கு நாணத்தைத் தந்தன. ஐரோப்பிய விதிப்படி அமைந்ததே ‘விஞ்ஞான’ இசை, ஏனையவை பாமரத்தனம் என்னும் குரல் ஓங்கிற்று. இச்சீர்திருத்தத்தின் தலைமகனாகத் திகழ்ந்தவர்தான் நாம் முதலிற் கண்ட லோவல் மேசன். 1822இல் பொஸ்டனில் வெளியான அவருடைய தொகுதி ஐரோப்பிய மேதைகளின் இசைத்துணுக்குகளை ஞானப்பாட்டுகளுக்கு மெட்டாக்கிக் கொடுத்தது. வங்கி உத்தியோகத்தராகவே அறியப்பட விரும்பிய அவர் அதன் முகப்பில் தம் பெயரைக்கூடப் போடவில்லை. நூல் பல பதிப்புக் கண்டது. மெட்டு மேற்குரலுக்கு ஏறிற்று. ஏனைய குரல்கள் அதற்குப் பணிந்து நின்றன. சபையின் பலகுரற் கூட்டிசைக்குப் பதிலாகப் பயிற்சிபெற்ற பாடகர் குழுவும் ஓர்கனும் முன்னின்றன.

மேசனை முற்றாகப் பழிப்பது நேர்மையாகாது. 1838இல் பொஸ்டன் பொதுப் பாடசாலைகளில் இசை ஒரு பாடமாக ஏற்கப்பட அவரே காரணர். கட்டணம் கொடுக்க இயலாத பிள்ளைகளுக்கும் இசைக்கல்வி கிடைத்தது. இதனை ஆசிரியர்களாகிய நாம் நன்றியோடு குறிக்கவேண்டும். ஆனால் அப்பிள்ளைகளின் பாட்டனார் ஆக்கிய இசைக்கு அந்த வகுப்பறையில் இடமிருக்கவில்லை. கல்வி கதவைத் திறந்த அதே கையால் இன்னொரு கதவைச் சாத்திற்று.

துரத்தப்பட்ட இசை அழியவில்லை. தெற்கேயும் மேற்கேயும் கிராமங்களுக்குப் பெயர்ந்தது. 1801இல் வெளியான ‘எளிய போதகர்’ என்னும் நூல் சுரங்களுக்கு வடிவங் கொடுத்தது. ‘பா’ முக்கோணம், ‘சொல்’ வட்டம், ‘லா’ சதுரம், ‘மி’ சாய்சதுரம். கோடுகளைக் கணக்கிடத் தெரியாத உழவனும் வடிவத்தைப் பார்த்துச் சுரத்தை இனங்கண்டான். நகரத்தார் இதனை எள்ளினர். ஆனால் 1835இல் வில்லியம் வாக்கரின் ‘தெற்கத்திய இன்னிசை’யும், 1844இல் ஜோர்ஜியாவில் உருவான ‘புனித யாழ்’ என்னும் தொகுதியும் இவ்வடிவங்களிலேயே அச்சாயின. பிலிங்ஸும் றீட்டும் அங்கு வாழ்ந்தனர். இன்றும் ‘புனித யாழ்’ பாடுவோர் நாற்சதுரமாக, ஒருவரையொருவர் நோக்கி அமர்கின்றனர். நடுவில் நின்று தாளங்காட்ட ஒவ்வொருவருக்கும் முறை வருகிறது. முதலிற் சுரங்களின் பெயரைப் பாடிப் பின்னரே சொற்களைப் பாடுகின்றனர். சுரம் பாடியபின் சாகித்தியம் பாடும் நமது வழக்கத்தை அறிந்தோர்க்கு இது வியப்பளிக்காது. 1959இல் அலபாமா மாநிலத்து ஃபைஃப் என்னும் ஊரில் அலன் லோமக்ஸ் இவர்களின் பாட்டை ஒலிப்பதிவு செய்தபோது, வெளியுலகம் அதனை வியந்து கேட்டது.

இங்கே ஓர் உண்மையை மறைத்தலாகாது. அந்தத் தெற்கு அடிமை முறையின் தெற்கு. ஒரே நிலத்தில், ஒரே வாட்ஸின் சொற்களை வெள்ளை உழவன் நாற்சதுரத்திலிருந்து பாடினான். கறுப்பு அடிமை, எடுத்துக்கொடுக்கும் பழைய முறையிற் பாடினான். ஆபிரிக்க அமெரிக்கச் சபைகள் சிலவற்றில் இம்முறை நெடுங்காலம் நிலைத்து, அதற்கு வாட்ஸின் பெயரே வழங்கலாயிற்று. உலகறிந்த ‘அமேசிங் கிரேஸ்’ பாட்டின் சொற்களை எழுதிய ஜோன் நியூட்டன் ஒருகாலத்தில் அடிமைக் கப்பலின் தலைவன். இன்று நாம் அறிந்த மெட்டோடு அதனை இணைத்தது வாக்கரின் 1835ஆம் ஆண்டுத் தொகுதி. மக்கள் இசை என்பதனாலேயே அது நீதியின் இசையாகிவிடாது.

5

இனி நமது கரைக்கு வருவோம். 1815இல் ‘டிறையட்’ என்னும் கப்பலில் நியூ இங்கிலாந்திலிருந்து புறப்பட்ட அமெரிக்க மிஷனரிமார் மறு ஆண்டில் யாழ்ப்பாணத்திற் குடியேறினர். 1823இல் வட்டுக்கோட்டைச் செமினரியும் 1824இல் உடுவில் மகளிர் பாடசாலையும் தொடங்கின. 1834இல் இவர்களே மதுரை மிஷனையும் நிறுவினர். மட்டக்களப்புக் கரைக்கு 1814இலேயே ஆங்கில வெஸ்லியன் சபையின் வில்லியம் ஓல்ட் வந்துவிட்டார். அதற்கு நூறாண்டுக்கு முன்னரே தரங்கம்பாடியில் ஜெர்மானியர் தம் பாட்டுகளைத் தமிழாக்கத் தொடங்கியிருந்தனர். கல்வியிலும் அச்சுத்தொழிலிலும் இவர்கள் ஆற்றிய தொண்டு சிறிதன்று. ஆனால் பாட்டில் அவர்கள் செய்தது யாது? மேல்நாட்டு ஞானப்பாட்டைத் தமிழ்ச் சொல்லில் பெயர்த்து, அதே மேல்நாட்டு மெட்டிற் பாடவைத்தனர்.

விளைவு மொழியின் இயல்போடு மோதிற்று. தமிழில் குறிலும் நெடிலும் பொருளை மாற்றுவன. ‘மலை’யை நீட்டினால் ‘மாலை’. ‘குடை’யை நீட்டினால் ‘கூடை’. ‘விடு’ என்ற ஏவலை நீட்டினால் ‘வீடு’. ஆங்கில மெட்டோ சொல்லின் அழுத்தத்தைப் பார்த்துச் சுரத்தை நீட்டுமே தவிர எழுத்தின் மாத்திரையைப் பாராது. பெரும்பாலும் அது மெலிந்த அசையிற் தொடங்கி வலிந்த அசைக்கு ஏறும். தமிழ்ச் சொல்லின் உயிர் அதன் தலையில் இருப்பதால், சொல்லின் தலை மெலிந்து, விகுதி ஓங்கி நீண்டது. இரண்டாவது இடர் அளவு பற்றியது. ஆங்கிலத்தில் எட்டசைக்குள் ஆறேழு சொற்கள் அடங்கும். தமிழில் இரண்டு மூன்று சொற்களுக்கு மேல் அடங்குவது அரிது. எனவே பெயர்ப்பாளர் கருத்தைக் குறுக்கினர், அல்லது வேற்றுமை உருபுகளை வெட்டினர். மூன்றாவது, தொடை. நம் காது அடிதோறும் இரண்டாம் எழுத்தில் எதுகையைத் தேடுகிறது. அவர்களுடையதோ அடியின் ஈற்றில் ஒலி ஒத்தலை வேண்டுகிறது. ‘ஏன்’, ‘ஆர்’ என்னும் விகுதிகளை ஈற்றில் வைத்துவிட்டால் தமிழில் எவரும் இதனைச் சாதித்துவிடலாம். அங்ஙனம் சாதிக்கப்பட்டவற்றிற் பல பொருள் மங்கி, ஓசை செத்துக் கிடந்தன.

இதனைத் தம் காதாலேயே உணர்ந்து மாற்றுவழி கண்டவர் தஞ்சை வேதநாயகம் சாஸ்திரியார் (1774–1864). சுவார்ட்ஸ் ஐயரிடம் சரபோஜி மன்னருடன் கல்வி கற்றவர். குறவஞ்சி என்னும் நாடக வடிவத்தை எடுத்துப் ‘பெத்லகேம் குறவஞ்சி’ இயற்றியவர். பல்லவி, அனுபல்லவி, சரணம் என்னும் கீர்த்தனை அமைப்பில் நூற்றுக்கணக்கான பாடல்களைத் தந்தார். எழுத்தறியாதவனும் இரண்டு முறை கேட்டால் பல்லவியைப் பிடித்துக்கொள்வான். சரணத்தை ஒருவர் பாட, பல்லவியிற் கூட்டம் சேரும். புத்தகமில்லாச் சபைக்கு ஏற்ற வடிவம் அதுவே. அமெரிக்க மதுரை மிஷனைச் சேர்ந்த எட்வர்ட் வெப் என்னும் மிஷனரி இதனை உணர்ந்தமை பாராட்டத்தக்கது. பெரும்பாலும் சாஸ்திரியாரின் பாடல்களைக் கொண்ட கீர்த்தனைத் தொகுதியொன்றை அவர் 1853இல் வெளியிட்டார். மேசனின் நாட்டிலிருந்து வந்த ஒருவர், மேசன் தம் நாட்டிற் செய்ததற்கு மாறானதை மதுரையிற் செய்தார் எனலாம். இன்றும் தமிழ்க் கிறிஸ்தவரிடையே ‘பாமாலை’ என்றொரு புத்தகமும் ‘கீர்த்தனை’ என்றொரு புத்தகமும் தனித்தனியே வழங்குவது அப்பழைய பிணக்கின் தழும்பாகும்.

ஆனால் சாஸ்திரியாரை நாம் மாலையிட்டு நிறுத்திவிட முடியாது. புதிய மிஷனரிமார் தமிழ்ப் பாட்டைத் தடுத்தபோது எதிர்த்து நின்ற அதே புலவர், அவர்கள் திருவிருந்தில் எல்லாச் சாதியாரையும் ஒன்றாக அமர்த்த முயன்றபோதும் எதிர்த்தார். மரபைக் காத்தல் என்ற ஒரே கொடியின் கீழ் மெட்டையும் காத்தார், சாதியையும் காத்தார். அவரை எதிர்த்தோர் சமத்துவத்தைப் பேசினர். ஆனால் பாட்டைப் பறித்தனர். இரு தரப்பிலும் பாதி நியாயமே இருந்தது. மரபு முழுவதையும் போற்றுவாரும் முழுவதையும் தள்ளுவாரும் இந்நிகழ்ச்சியை ஊன்றிப் படிக்க வேண்டும். மக்களின் மெட்டைக் கொண்டு, மக்களைப் பிரிக்கும் வழக்கத்தைத் தள்ளுவது முற்போக்காளரின் பணி. அதனைச் செய்வார் அன்று தஞ்சையில் இருக்கவில்லை.

6

தென்கிழக்குக் கரையின் முஸ்லிம் ஊர்களில் வாழும் நமக்கு இந்த வரலாறு அந்நியமானதன்று. இஸ்லாம் தமிழுக்கு வந்தபோது அறபு, பாரசீக இலக்கிய வடிவங்களும் உடன் வந்தன. ஆனால் முனாஜாத்து, கிஸ்ஸா, மசலா என்ற பெயர்களைத் தாங்கிய அவ்வடிவங்கள் தமிழ் யாப்பிலும் தமிழ் மெட்டிலும் அமைந்தே நம் மூத்தோர் நாவில் நின்றன. உமறுப் புலவர் சீறாப்புராணத்தை விருத்தத்திற் பாடினார். குணங்குடி மஸ்தான் சாகிபு கண்ணியும் கீர்த்தனமுமாகப் பாடினார். வேற்றுமண்ணின் சமயம் உள்ளூர் மெட்டை மதித்ததனால் அப்பாட்டுகள் பாமரருக்கும் உரியனவாயின. றபானைத் தட்டிப் பக்கீர்மார் பாடிய பைத்தும், பொல்லடியின் வட்டத்தில் ஒருவர் எடுத்துக்கொடுக்க மற்றோர் தொடர்ந்த பாட்டும் எந்தப் பாட்டுப் பள்ளிக்கும் குறைந்தவையல்ல.

அவற்றினும் மேலாக ஒன்று நம்மிடம் உண்டு. வயலிலும் வீட்டு முற்றத்திலும் நம் பெண்கள் சொல்லிவந்த ‘கவி’ அது. நிந்தவூர் எஸ். முத்துமீரான் போன்றோர் அதனைத் திரட்டித் தந்துள்ளனர். ஆனால் அச்சில் நாம் காண்பது சொல்லை மட்டுமே. மெட்டு பாடியவரோடு போய்விடுகிறது.

ஒருமுறை பத்தாம் வகுப்பில், வீட்டில் வழங்கும் பாட்டொன்றை எழுதிவருமாறு பணித்தேன். பெரும்பாலார் சினிமாப் பாட்டை எழுதிவந்தனர். ஒரு மாணவி மட்டும் வெறுங்கையோடு எழுந்து நின்றாள். “எங்கட மூத்தம்மா சொல்லுறது இருக்கு சேர். ஆனா அது பாட்டில்ல, கவி” என்றாள். சொல்லச் சொன்னேன். தயங்கித் தயங்கிச் சொன்னபோது வகுப்புச் சிரித்தது. நாலடியையும் கரும்பலகையில் எழுதி, எதுகையையும் மோனையையும் கோடிட்டுக் காட்டினேன். பரீட்சைக்காக அவர்கள் பாடஞ்செய்திருந்த செய்யுளில் இருந்த தொடைகள் அத்தனையும் அதிலிருந்தன. சிரிப்பு அடங்கிற்று. ஆனால் என் மனம் அடங்கவில்லை. அந்தச் சிரிப்பை அவர்களுக்குக் கற்பித்தவர் யார்? மூத்தம்மாவின் கவி பாட்டல்ல என்ற அறிவை அம்மாணவி எங்கிருந்து பெற்றாள்? இசையென்றால் சபாவில் கேட்பது, பாட்டென்றால் பாடநூலில் இருப்பது என்று பத்தாண்டுகளாகச் சொல்லாமற் சொல்லிவந்தவர்கள் ஆசிரியர்களாகிய நாமே. பொஸ்டனின் வகுப்பறை மருதமுனைக்கும் வந்துவிட்டது.

கல்முனைக்குத் தெற்கே கூப்பிடு தூரத்திலுள்ள காரைதீவிற் பிறந்த விபுலாநந்த அடிகள், மறைந்துபோன யாழின் சுரங்களைப் பழந்தமிழ் நூல்களிலிருந்தும் கணிதத்திலிருந்தும் மீட்டெடுக்கப் பல்லாண்டு உழைத்து, 1947இல் ‘யாழ் நூல்’ தந்தார். இறந்த இசையை உயிர்ப்பிக்க ஓர் அறிஞர் அத்துணை பாடுபட்ட மண்ணில், உயிரோடிருக்கும் இசை நம் கண்முன்னே இறந்துகொண்டிருக்கிறது. 2004ஆம் ஆண்டுக் கடற்கோள் இக்கரையிற் பல முதியோரை ஒரே காலையில் கொண்டுசென்றது. அவர்களோடு போன பாட்டுகளுக்குக் கணக்கில்லை. கைத்தறிகளின் ஓசையும் முன்போல இல்லை. தொழில் மாறும்போது தொழிற்பாட்டு மாறுவது இயற்கையே. அதனைத் தடுத்து நிறுத்துவார் யாருமிலர். பதிவு செய்யாமல் விடுவதற்கு அது நியாயமாகாது.

செய்யவேண்டியது பெரிய காரியமன்று. ஒவ்வொரு தமிழாசிரியரும் தம் ஊரில் இருபது பாட்டுகளை, மெட்டோடு, பாடியவரின் தொழிலோடும் பாடும் சந்தர்ப்பத்தோடும் பதிவு செய்யலாம். இன்று மாணவர் கையிலுள்ள தொலைபேசியே அதற்குப் போதும். அவற்றைத் திருத்தாமல், ‘செம்மைப்படுத்தாமல்’, வாய்மொழியாகவே வகுப்பிற் பாடலாம். யாப்பிலக்கணத்துக்கு உதாரணமாகவும் காட்டலாம். பெண்ணை இழிவுபடுத்தும் பாட்டும் ஏழையை ஏளனஞ் செய்யும் பாட்டும் அவற்றுள் வருமாயின், மறைக்காமல் பதிந்து, வகுப்பிலேயே அவற்றை விவாதிக்கலாம். பிலிங்ஸிடமிருந்தும் சாஸ்திரியாரிடமிருந்தும் நாம் கற்கக்கூடியது இவ்வளவுதான். மெட்டு மக்களுடையது, ஆகையால் அதனை அவர்களிடமிருந்து பறிக்கலாகாது. கருத்து காலத்துக்குரியது, ஆகையால் அதனை ஆராயாமல் விடலாகாது.

ஹீபர் இந்நாட்டு மனிதனை இழிந்தவன் என்றார். அவர் போய் இருநூறு ஆண்டுகளாகின்றன. மேசனின் மெட்டும் முன்போல ஒலிப்பதில்லை. ஆனால் தன் மூத்தம்மாவின் கவியைக் கேட்டு ஒரு வகுப்பு நகைக்கும்போது, அந்தத் தீர்ப்பை நம் பிள்ளைகளே நம்மூர்த் தமிழில் திரும்பச் சொல்கிறார்கள். அதனை மாற்றி எழுதும் இடம் நமது வகுப்பறையே.